பரிசுக்குப் பதில் பரிசு: எப்போது, எவ்வளவு?

கேள்வி – வழிப்போக்கன்

எங்கள் நிறுவனத்தில் இரண்டு வாரப் பயிற்சி அளிக்க வந்திருந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவர், நாடு திரும்புவதற்கு முதல் நாள், அழகாகத் தாள் சுற்றிய சிறு பெட்டியொன்றை இரு கைகளாலும் என்னிடம் நீட்டினார். 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று அவர் கூறுவதாக உடனிருந்தவர் மொழிபெயர்த்தார். மகிழ்ச்சியை உடனே காட்டிவிட வேண்டும் என்ற ஆர்வத்தில், அவர் கண்முன்னேயே தாளைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பூவேலைப்பாடு அச்சிட்ட பருத்தித் துணி ஒன்று இருந்தது. நான் துணியைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது, அவர் பார்வை மேசையில் கிடந்த கிழிந்த தாளின் மீதே இருந்தது. மறுநாள் காலையிலேயே, அந்தத் துணியைக் காட்டிலும் இருமடங்காவது விலையுள்ள பேனா ஒன்றை அவருக்குக் கொடுத்து, கடன் தீர்ந்தது என்று நிம்மதியடைந்தேன். ஆறு வாரம் கழித்து, இப்போது அவரிடமிருந்து அஞ்சலில் இன்னொரு பெட்டி வந்திருக்கிறது.

சென்ற ஆண்டு நிகழ்ந்தது வேறு வகை. அமெரிக்கச் சக ஊழியர் ஒருவர் என் பிறந்தநாளுக்கு ஒரு சட்டை கொடுத்தார். அதனுடன் கடை ரசீதையும் வைத்திருந்தார். ஆனால் அந்த ரசீதில் விலை அச்சிடப்பட்டிருக்கவில்லை. பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அன்று எனக்கு அது சற்று அவமதிப்பாகவே பட்டது.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்ற பட்டியலை நான் கேட்கவில்லை. அப்படிப்பட்ட பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. ஒரு சமூகம் எதைப் பெரிதாக மதிக்கிறது என்பதை அது பரிசளிக்கும் முறையிலிருந்து உண்மையாகவே அறிந்துகொள்ள முடியுமா என்பதே என் கேள்வி. கூடவே, இரண்டாவது பெட்டிக்கு நான் பதில் அனுப்ப வேண்டுமா என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 – ஏட்டுச்சுரை

அறிந்துகொள்ள முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் பரிசுப் பொருளைப் பார்த்தால் தெரியாது, அதனால் உண்டாகும் கடனை அந்தச் சமூகம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தம் நீண்ட கட்டுரையில், பரிசு என்பது தன்விருப்பமாகத் தோன்றினாலும் அதனுள் மூன்று கடமைகள் இருப்பதாக வாதிட்டார்: கொடுத்தல், பெற்றுக்கொள்ளுதல், திருப்பித் தருதல். கொடுப்பவரின் ஏதோ ஒரு கூறு பொருளோடு சேர்ந்து பெறுபவரிடம் போய்த் தங்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. அதைத் திருப்பாமல் வைத்திருப்பவர் கொடுத்தவருக்குக் கீழ்ப்பட்டவராகிவிடுகிறார்.

இதற்கு நல்ல சான்று, பப்புவா நியூகினியைச் சேர்ந்த டிரோபிரியாண்ட் தீவுகளின் கூலா வழக்கம். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1922இல் இதை விரிவாகப் பதிவு செய்தார். சிவப்புச் சிப்பி மணிகளாலான கழுத்தணிகள் தீவுகளைச் சுற்றிக் கடிகார முள்ளின் திசையிலும், வெண்சிப்பிக் கைவளைகள் அதற்கு எதிர்த்திசையிலும் கைமாறிக்கொண்டே இருக்கும். கடல் கடந்து படகில் போய் வாங்கி வந்த அணியை யாரும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. சிறிது காலம் வைத்திருந்து, அதனால் பெயரும் புகழும் பெற்று, அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும். கொடுத்த உடனே பதிலை எதிர்பார்ப்பதும், இது அதற்கு ஈடாகுமா என்று வாய்விட்டுப் பேரம் பேசுவதும் இழிவு. அதே பயணத்தில் சாதாரணப் பண்டமாற்றும் நடக்கிறது, அங்கே தாராளமாகப் பேரம் பேசலாம். ஆனால் கூலாவைப் பண்டமாற்றுப் போல நடத்துகிறான் என்று ஒருவனைச் சொன்னால் அது வசை.

பழந்தமிழில் 'குறியெதிர்ப்பை' என்றொரு சொல் உண்டு. அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவதற்கு அந்தப் பெயர். அதை ஈகையோடு சேர்க்காமல் தனியே வைத்தார்கள். மறுநாள் காலையிலேயே பேனாவைக் கொடுத்தபோது நீங்கள் செய்தது குறியெதிர்ப்பை. 'உம்மோடு எனக்குப் பாக்கி எதுவும் வேண்டாம்' என்று அவர் அதைப் புரிந்துகொண்டிருக்கலாம். என்னைக் கேட்டால், இப்போது அவசரப்படாமல் சில மாதங்கள் காத்திருந்து பிறகு ஏதாவது அனுப்புங்கள்.

மறுமொழி 2 – இருமொழியாள்

ஏட்டுச்சுரையின் விளக்கம் கூலாவுக்குப் பொருந்தும்; ஜப்பானுக்கு அப்படியே பொருந்தாது. ஒன்பது ஆண்டுகள் அங்கே மொழிபெயர்ப்புப் பணியில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். திருமணம், குழந்தைப் பிறப்பு, இறப்பு போன்ற முறையான நிகழ்வுகளில் கடனைத் தொங்கலில் விடாமல் முடித்துவைப்பதே அங்குள்ள நயத்தகு வழக்கம். பெற்றதில் ஏறத்தாழப் பாதி மதிப்புக்கு ஒரு பொருளைத் திருப்பி அனுப்புவார்கள். 'பாதித் திருப்பம்' என்றே அதற்குப் பெயர் உண்டு. முழுமையாகத் திருப்பினால் பரிசை மறுத்தது போலாகும். ஒன்றுமே திருப்பாவிட்டால் மற்றவர் மேல் சுமையாகச் சாய்ந்தது போலாகும். பாதி என்பது இரண்டுக்கும் நடுவே கண்டுபிடித்த இடம்.

இந்தக் கணக்கில் உங்கள் பேனாவை வைத்துப் பாருங்கள். அவர் தந்தது ஒரு பங்கு என்றால் நீங்கள் இரண்டு பங்கு தந்து அவரைக் கடனாளியாக்கிவிட்டீர்கள். அஞ்சலில் வந்த பெட்டி அந்தப் பேனாவுக்கான பதில். இன்னொன்றை நீங்கள் அனுப்பினால் அவர் மூன்றாவது பெட்டிக்கு அலைய வேண்டியிருக்கும். ஆகவே நன்றிக் கடிதம் போதும். கையால் எழுதினால் இன்னும் நல்லது.

தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கே உறை என்பது பரிசின் மேல்தோல் அன்று, பரிசின் ஒரு பகுதி. திருமணத்துக்குப் பணம் வைக்கும் உறையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பெரும்பாலும் முப்பதாயிரம் யென், அதாவது மூன்று பத்தாயிரம் யென் தாள்கள். இரட்டைப்படைத் தொகை இருவராகப் பிரிவதைக் குறிக்கும் என்பதால் ஒற்றைப்படை. தாள்கள் வங்கியிலிருந்து எடுத்த புதுத் தாள்களாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நாளுக்காக நீங்கள் முன்கூட்டியே ஆயத்தமாயிருந்தீர்கள் என்று அவை சொல்கின்றன. இறப்பு வீட்டுக்கு அதே புதுத் தாள்களைக் கொண்டுபோனால், சாவை எதிர்பார்த்துக் காத்திருந்தது போலாகிவிடும். ஆகவே புழங்கிய தாள்களை வைப்பார்கள், புதியது மட்டுமே இருந்தால் ஒரு மடிப்பாவது மடித்து வைப்பார்கள். உறையின் மேல் கட்டும் நாடாவிலும் பேச்சு உண்டு. திருமணத்துக்கும் இறப்புக்கும் இழுத்தாலும் அவிழாத முடிச்சு, ஏனெனில் இரண்டும் மீண்டும் நிகழக்கூடாதவை. குழந்தைப் பிறப்புக்கும் சாதாரண நன்றிக்கும் எளிதில் அவிழ்த்து மறுபடி கட்டக்கூடிய முடிச்சு. இவ்வளவையும் யோசித்துச் சுற்றிய தாளை நொடியில் கிழித்தால் பார்வை அங்கே போகத்தான் செய்யும். அவர் கோபித்திருக்க மாட்டார்; இன்றைய இளைஞர்கள் 'உடனே திறந்து பாருங்கள்' என்று தாங்களே சொல்வதும் உண்டு.

மறுமொழி 3 – எதிர்வழக்கன்

மேலே இருவரும் எழுதியவற்றை ரசித்தேன். ஆயினும் 'இந்த வழக்கம் இந்த விழுமியத்தைக் காட்டுகிறது' என்று நேர்கோடு போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஜப்பானியத் திருமணத்துக்கு ஒற்றைப்படை மங்கலம்; சீனத் திருமணத்துக்கு இரட்டைப்படை மங்கலம்; ரஷ்யாவில் உயிரோடு இருப்பவருக்கு மலர்களை ஒற்றைப்படையில்தான் தர வேண்டும், இரட்டைப்படை கல்லறைக்கு. இதை வைத்து மூன்று நாட்டினரின் மனத்தையும் அளந்துவிட முடியுமா? அதே ஜப்பானில் பிப்ரவரி 14இல் பெண்கள் அலுவலக ஆண்களுக்குத் தரும் 'கடமைச் சாக்லேட்'டுக்கு மார்ச் 14இல் ஆண்கள் பதில் தர வேண்டும் என்ற வழக்கம் தொன்மையானது அன்று. 1970களின் இறுதியில் இனிப்புத் தயாரிப்பாளர்கள் விற்பனைக்காக உருவாக்கியது. திருப்பித் தரும் பழைய பழக்கம் இருந்ததால் அது எளிதில் வேரூன்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விழுமியம் துலங்கும் இடம், என் பார்வையில், பரிசு இன்னொரு விழுமியத்தோடு மோதும் இடம். கனடாவின் பசிபிக் கரையில் வாழும் குவாகுவாகவாக்கு உள்ளிட்ட தொல்குடிகளிடம் 'பாட்லாட்ச்' என்ற பெருவிருந்து உண்டு. குடித்தலைவர் ஒருவர் பெயர் சூட்டலின்போதோ திருமணத்தின்போதோ நூற்றுக்கணக்கானோரை அழைத்து, போர்வைகளையும் படகுகளையும் வாரி வழங்குவார். சேர்த்து வைத்தவருக்கு அங்கே மதிப்பில்லை, கொடுத்து முடித்தவருக்கே மதிப்பு. வாங்கியவர்கள் அவரது பட்டத்துக்குச் சாட்சிகள். உழைத்துச் சேமிப்பதே நாகரிகம் என்று நம்பிய கனடா அரசுக்கு இது பித்தாகத் தெரிந்தது. 1884இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து பாட்லாட்சைத் தடை செய்தது. 1951 வரை அது நீடித்தது. 1921இல் வில்லேஜ் தீவில் நடந்த ஒரு விருந்துக்காக 45 பேர் மீது வழக்குப் போட்டார்கள். குற்றங்கள் என்னவென்று பாருங்கள்: சொற்பொழிவு ஆற்றியது, ஆடியது, பரிசுகளை எடுத்துச்சென்று உரியவர்களிடம் கொடுத்தது. முகமூடிகளையும் சடங்குப் பொருள்களையும் ஒப்படைக்க மறுத்தவர்கள் சிறை சென்றார்கள். ஒப்படைத்தவை அருங்காட்சியகங்களுக்குப் போயின. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அவற்றில் பலவற்றை மீட்டு, 1980இல் அலர்ட் பே என்ற ஊரில் திறந்த பண்பாட்டு மையத்தில் வைத்தார்கள். மையத்தின் பெயர் 'உமிஸ்டா'. சிறைப்பட்டவர்கள் வீடு திரும்புவதைக் குறிக்கும் சொல் அது.

இன்றும் சட்டம் இப்படிக் குறுக்கே வருகிறது, காரணம்தான் வேறு. தென் கொரியாவில் 2016 செப்டம்பர் 28 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், செய்தியாளர்கள் ஆகியோர் பெறும் பரிசுக்குத் தொடக்கத்தில் ஐம்பதாயிரம் வோன் என்று வரம்பு வைத்தது. உறவைப் பேணும் பரிசு எங்கே முடிகிறது, கையூட்டு எங்கே தொடங்குகிறது என்பதை ஊர்ப்பேச்சு தீர்மானித்த காலம் போய், அதை ஒரு தொகை தீர்மானிக்கிறது.

வழிப்போக்கன்

மூவருக்கும் நன்றி. கடிதம் எழுதும் யோசனையை ஏற்கிறேன். ஆனால் ரசீதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? கடனை முடித்துவைக்கும் வழிகளில் அதுவும் ஒன்றா?

மறுமொழி 4 – கல்லாப்பெட்டி

பொருளியல் படித்தவன் என்பதால் ரசீது என் பங்கு. அமெரிக்கப் பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் ஒரு கட்டுரை எழுதினார். மாணவர்களிடம், அவர்களுக்கு வந்த கிறிஸ்துமஸ் பரிசுகள் அவர்களுக்கு எவ்வளவு பெறும் என்று கேட்டு, கொடுத்தவர் செலவிட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று கணித்தார். இதில் கவனிக்க வேண்டியது அவர் கேட்ட விதம்: பொருள் தரும் நெகிழ்ச்சியைத் தள்ளிவிட்டு மதிப்பிடுங்கள் என்றார். நெகிழ்ச்சியைத் தள்ளிவிட்டால் பரிசில் மிஞ்சுவது சட்டைதானே! ஆனால் அந்தக் கேள்வி அங்கே இயல்பாகத் தோன்றியது என்பதே உங்கள் கேள்விக்கு ஒரு பதில். எனக்கு வேண்டியதை நானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அந்தச் சமூகத்தின் ஆழ்ந்த நம்பிக்கை. மணமக்கள் தங்களுக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலைக் கடையிலேயே பதிந்துவைப்பதும் அதனால்தான். உங்கள் நண்பர் ரசீதை வைத்தது, 'உம் விருப்பத்தின் மேல் என் விருப்பத்தைத் திணிக்க மாட்டேன்' என்ற பணிவு. விலையை அச்சிடாதது, 'இது வியாபாரமும் அன்று' என்ற கூச்சம். ஒரே தாளில் இரண்டும் இருக்கின்றன.

பணிவு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஜப்பானியர் 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று தம் பரிசைத் தாமே தாழ்த்தினார். ஆப்பிரிக்காவின் களஹாரிப் பாலைநிலத்தில் வேட்டையாடி வாழ்ந்த குங் மக்களிடம், அப்படித் தாழ்த்தும் வேலையைப் பரிசைப் பெறுபவர்களே செய்தார்கள். அங்கே ஆய்வு செய்த ரிச்சர்டு லீ, கிறிஸ்துமஸ் விருந்துக்காக மிகக் கொழுத்த எருது ஒன்றைத் தேடி வாங்கினார். பார்த்தவர்கள் எல்லோரும் 'எலும்பும் தோலுமான கிழட்டு மாடு, இதை எப்படிப் பங்கிடுவது' என்று நாள்தோறும் ஏசினார்கள். மனம் நொந்துபோன அவர், வெட்டியபோது கொழுப்பு நன்றாகத் தடித்திருந்ததைக் கண்டார், ஊரே சிரித்தது. பிறகுதான் காரணம் சொன்னார்கள்: பெரிய வேட்டையோடு வருகிறவன் தன்னைத் தலைவனாக எண்ணத் தொடங்கிவிடுவான், ஆகவே அவன் கொண்டுவந்த இறைச்சியைப் பழித்து அவன் நெஞ்சைக் குளிரவைக்கிறோம் என்று. பாட்லாட்சில் கொடுத்தவன் உயர வேண்டும். இங்கே கொடுத்தவன் உயரவே கூடாது.

வழிப்போக்கன்

கடிதத்தை இன்று காலை அனுப்பிவிட்டேன். இரண்டாவது பெட்டியை இம்முறை பிளேடால் ஒட்டுத்தாளை மட்டும் அறுத்துத் திறந்தேன். தாள் முழுதாக இருக்கிறது. இருமொழியாள் அவர்களிடம் ஓர் ஐயம். மேலே கட்டியிருந்த நாடாவை ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் அவிழ்ந்துவிட்டது. அது மீண்டும் நிகழலாம் என்ற முடிச்சு என்றால், கணக்கு முடிந்தது என்று எப்படிக் கொள்வது?

இருமொழியாள்

சாதாரண நன்றிப் பரிசுகளுக்குக் கடைக்காரர்களே அந்த முடிச்சைத்தான் போட்டுத் தருகிறார்கள். அளவுக்கு மீறிப் பொருள் தேட வேண்டாம். இந்தக் கணக்கு முடிந்தது, அவ்வளவே. என்றாவது நீங்கள் அங்கே சென்று அவரைச் சந்திக்க நேர்ந்தால், அப்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பேனாவைவிட விலை குறைந்ததாக இருக்கட்டும்.