பெரிய வீடு குழு: கார்த்திக்கின் நான்கு வரிகள்

கார்த்திக்: செல்வி அத்தை, நாளை காலை எனக்கு நேர்முகத் தேர்வு. என்னைப் பற்றி நான்கு வரிகள் எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.
"ஐ ஆம் ஹேவிங் எ டிப்ளமோ இன் மெக்கானிக்கல். ஐ ஆம் வொர்க்கிங் இன் எ வால்வ் கம்பெனி சின்ஸ் டூ இயர்ஸ். ஐ ஆம் நோயிங் ஆட்டோகேட். ஐ ஆம் லிவிங் இன் திருச்சி வித் மை பேரன்ட்ஸ்."

நிலா: ஐ ஆம், ஐ ஆம், ஐ ஆம்! நான்கு வரிக்கும் ஆமாம் சாமி போட்டிருக்கிறாய் அண்ணா.

செல்வி அத்தை: நீ சும்மா இரு நிலா. கார்த்தி, எல்லா வினைக்கும் ஏன் ஐஎன்ஜி?

கார்த்திக்: "நௌ" என்றால் ஐஎன்ஜி, "எவ்ரி டே" என்றால் சாதாரண நிகழ்காலம் என்றுதானே பள்ளியில் படித்தோம்?

செல்வி அத்தை: கோடிட்ட இடத்தை நிரப்ப அது போதும். பேசும்போது யார் "நௌ" போட்டுக் கொடுக்கிறார்கள்? வினையைப் பார். ஓடுவது, எழுதுவது, சமைப்பது எல்லாம் தொடங்கி முடிகிற செயல்கள். அவற்றின் நடுவில் இருக்கும்போது ஐஎன்ஜி. தெரிந்திருப்பதும் வைத்திருப்பதும் நம்புவதும் செயல்கள் அல்ல, நிலைகள். தூங்கும்போதும் உனக்கு ஆட்டோகேட் தெரியும் அல்லவா? "ஐ நோ ஆட்டோகேட்." "ஐ ஹேவ் எ டிப்ளமோ."

ரவி மாமா: அப்படியானால் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" தவறா? ரயில்வேயில் இருந்த காலம் முழுவதும் அதைச் சொல்லித்தான் போனை வைத்தேன்.

செல்வி அத்தை: அது சரிதான். அங்கே "ஹேவ்" என்றால் சாப்பிடுவது. "திங்க்" என்ற வினையும் இப்படித்தான். "ஐ திங்க் ஹி இஸ் ரைட்" என்பது கருத்து. "ஐ ஆம் திங்கிங் அபௌட் தி ஆஃபர்" என்றால் யோசனை இன்னும் முடியவில்லை. "ஹி இஸ் ரூட்" என்றால் குணமே அப்படி. "ஹி இஸ் பீயிங் ரூட்" என்றால் இன்று மட்டும்.

நிலா: மெக்டொனால்ட்ஸ் "ஐ ஆம் லவின் இட்" என்கிறதே?

செல்வி அத்தை: 2003 முதல் சொல்கிறார்கள். வாயில் வைத்த அந்த நொடியின் சுகத்தை விற்க வேண்டும், அதற்காகத் தெரிந்தே வளைத்தார்கள். உன் அண்ணன் பர்கர் விற்கப் போகவில்லை.

அப்பா: தமிழில் இந்தத் தொல்லை உண்டா? நன்னூல் ஆநின்று, கின்று, கிறு என மூன்று இடைநிலைகளைச் சொல்கிறது. மூன்றும் நிகழ்காலமே. "வேலை செய்கிறேன்" என்றால் தினமும்தான், இந்த நிமிடமும்தான்.

செல்வி அத்தை: அந்தப் பழக்கம்தான் அண்ணா இவனை இரண்டாவது வரியில் கவிழ்த்திருக்கிறது. "இரண்டு வருடமாக வேலை செய்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்திலேயே முடித்துவிடுகிறோம். முன்பே தொடங்கி இன்றுவரை நீள்வதற்கு ஆங்கிலம் வேறு வடிவம் கேட்கும். "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் இன் எ வால்வ் கம்பெனி ஃபார் டூ இயர்ஸ்." எவ்வளவு காலம் என்றால் "ஃபார்". எப்போதிலிருந்து என்றால் "சின்ஸ்". கார்த்தி, அவர்கள் உன் அனுபவத்தைத்தான் முதலில் கேட்பார்கள், இந்த வரியை விட்டுவிடாதே.

ரவி மாமா: நாளை புறப்படும் வண்டிக்கும் "தி வைகை லீவ்ஸ் மதுரை இன் தி மார்னிங்" என்றுதான் சொல்வோம். நாளை என்பது எதிர்காலம் ஆயிற்றே?

செல்வி அத்தை: அது கால அட்டவணை, உங்களைக் கேட்டு மாறாது. நீங்கள் பெட்டி கட்டி டிக்கெட் எடுத்திருந்தால் "ஐ ஆம் லீவிங் டுமாரோ".

ரவி மாமா: சரி, கிரிக்கெட் வர்ணனை? பந்துவீச்சாளர் கண்ணெதிரே ஓடி வருகிறார். "பும்ரா ரன்ஸ் இன்" என்கிறார்கள். ஐஎன்ஜி எங்கே போயிற்று?

செல்வி அத்தை: அடடா, நல்ல கேள்வி! ஒவ்வொரு அசைவும் சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதன் நடுவில் நிற்க நேரமில்லை, அதனால் "ரன்ஸ், போல்ஸ்". ஓவர் முடிந்து மூச்சு விட்டதும் அதே வர்ணனையாளர் "இந்தியா ஆர் போலிங் வெல்" என்பார்.

கார்த்திக்: கடைசி வரி, அத்தை?

செல்வி அத்தை: இலக்கணத்தில் பிழை இல்லை, பொருள்தான் மாறும். "ஐ லிவ் இன் திருச்சி" என்றால் இதுதான் என் ஊர். "ஐ ஆம் லிவிங்" என்றால் தற்சமயம் இங்கே இருக்கிறேன். வேலை எந்த ஊரில்?

கார்த்திக்: ஓசூர்.

ரவி மாமா: அப்படியானால் "ஐ ஆம் லிவிங்" இருக்கட்டும். கிளம்பத் தயார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்பா: சொந்த வீட்டில் இருப்பவனைத் தற்காலிகமாக்கிவிட்டீர்களே மாப்பிள்ளை!

செல்வி அத்தை: அந்த வரியே வேண்டாம் கார்த்தி, முகவரி விண்ணப்பத்திலேயே இருக்கும். மற்ற மூன்றையும் மனப்பாடம் செய்யாமல் சொல்லிப் பழகு. இரவு ஒன்பது மணிக்கு அழைக்கிறேன்.

நிலா: எனக்கும் ஒரு சந்தேகம். "மை பிரதர் இஸ் ஆல்வேஸ் டேக்கிங் மை சார்ஜர்." "ஆல்வேஸ்" வந்தால் ஐஎன்ஜி கூடாதுதானே?

செல்வி அத்தை: தாராளமாகப் போடலாம். "ஆல்வேஸ்" என்பதோடு ஐஎன்ஜி சேர்ந்தால் எரிச்சலோடு சொல்கிறாய் என்று பொருள்.

நிலா: அப்படியானால் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

கார்த்திக்: சார்ஜர் மேசை மேல் இருக்கிறது.