கூட ஒருவர் இருந்ததால் உடம்பும் மனசும் தேறிய அனுபவம் உண்டா? எழுதுங்கள்

மூன்று வருடங்களுக்கு முன் எனக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரையை விடக்கூடாது, சிகரெட்டைத் தொடக்கூடாது, தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். நடை மட்டும் பத்தாம் நாளே நின்றுபோனது. சோம்பலால் இல்லை, பயத்தால். எங்கள் தெருக்கோடியில் ஒரு மேடு இருக்கிறது. அதில் பாதி ஏறும்போது மறுபடி நெஞ்சைப் பிடித்தால் யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பு வந்துவிடும். மனைவி போய் அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டில் நான் மட்டும்.

கீழ்வீட்டில் ஒரு ஐயா. எழுபதைத் தாண்டியவர். அதுவரை படிக்கட்டில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. ஒருநாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, "தம்பி, நடக்கப் போறேன், வாங்க" என்றார். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. நானும் கிளம்பிவிட்டேன்.

மேட்டில் பாதி ஏறியதும் எனக்கு மூச்சு வாங்கியது. சொல்லக் கூச்சம். அவர் சட்டென்று நின்று, குனிந்து, ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். நிதானமாக, இரண்டு காலிலும். என் மூச்சு அடங்கிய பிறகுதான் நிமிர்ந்தார். மறுநாளும் அதே இடத்தில் லேஸ். நாலாம் நாள்தான் உற்றுப் பார்த்தேன். லேஸ் அவிழவே இல்லை. நன்றாக இருந்த முடிச்சைத் தானே அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் போனதும் மேடே தணிந்துவிட்ட மாதிரி தோன்றியது. என் உடம்பு தேறியது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை என்று பிறகு படித்தேன். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு சரிவின் அடியில் ஆட்களை நிறுத்தி இது எவ்வளவு செங்குத்து என்று கேட்டார்கள். பக்கத்தில் நண்பர் நின்றவர்களுக்குச் சரிவு குறைவாகத் தெரிந்ததாம். பழக்கம் எவ்வளவு பழசோ, அவ்வளவு குறைவாக. படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010இல் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. மருந்துச்சீட்டில் யாரும் எழுதித் தராத விஷயம் இது. உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணா, நான் செவிலியர். உங்கள் லேஸ் கதையை இரண்டு முறை படித்தேன்.

முதுகுத்தண்டில் ஊசி போட வேண்டிய ஓர் அம்மா. கூட யாரும் வரவில்லை. மானிட்டரில் நாடித்துடிப்பு 120ஐத் தொட்டுவிட்டது, உடம்பு விறைத்துக் கிடந்தது. அந்த நிலையில் ஊசி சரியாக இறங்காது. நான் முன்பக்கம் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன். பிடித்த பிடியில் என் விரல் வெளுத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் 110, அப்புறம் 96. தோள் தளர்ந்தது. ஊசி முடிந்து பத்து நிமிடம் ஆகியும் கையை விடவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளர் இதைச் சோதனையாகவே செய்திருக்கிறார். 2006இல் வந்தது. மணமான 16 பெண்களை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, லேசான மின் அதிர்ச்சி வரலாம் என்று சொல்லிவிட்டு மூளையைப் பார்த்தார்கள். கணவர் கையைப் பிடித்திருந்தபோது அச்சத்தில் வேலைசெய்யும் பகுதிகள் நன்றாக அடங்கின. முன்பின் தெரியாதவரின் கைக்கும் ஓரளவு பலன் இருந்தது. அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். வார்டில் நாங்கள் எல்லோருமே முன்பின் தெரியாதவர்கள்தானே.

*

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஆள் இருந்தால் மட்டும் போதாது. நிறையப் பேர் இருந்த வீட்டில்தான் நான் பதினோரு வருடம் வாழ்ந்தேன். வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே வயிறு இறுகும். தூக்கம் போனது, ரத்த அழுத்தம் ஏறியது.

2005இல் கீகோல்ட்-கிளேசர் என்ற ஆய்வாளர் 42 தம்பதிகளின் கையில் சிறு கொப்புளக் காயம் உண்டாக்கி, ஆறும் வேகத்தை அளந்தார். பகைமையோடு பேசிக்கொண்ட தம்பதிகளுக்குக் காயம் ஆறிய வேகம், மற்றவர்களின் வேகத்தில் 60 சதவீதம்தான். என் உடம்பு அதை முன்பே சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் கேட்கவில்லை. பிரிந்து தனியாக வந்த பிறகு, பழைய தோழிகள் இரண்டே பேரைத் தேடிப் பிடித்தேன். இப்போது ராத்திரி தூங்குகிறேன்.

*

நீங்கள் சொல்வது உண்மை சகோதரி. எண்ணிக்கை இல்லை, நம்மை எதிர்பார்த்து ஒருவர் இருப்பதுதான்.

*

அம்மாவுக்கு மறதி நோய். நாலு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "எதுவானாலும் கூப்பிடு" என்று சொல்லாதவர்களே இல்லை. நான் ஒருவரையும் கூப்பிட்டதில்லை. எதைக் கேட்பது, எந்த நேரத்தில் கேட்பது?

பள்ளித் தோழி ஒருத்தி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. வியாழக்கிழமை நாலு மணிக்கு அவளே கூப்பிடுவாள். பத்து நிமிடம். சில வாரம் நான் அழுவேன், அவள் பேசாமல் லைனில் இருப்பாள். சில வாரம் அவள் மகனின் பரீட்சை பற்றியே பேசுவோம், அது இன்னும் நல்லது. புதன்கிழமை ராத்திரியே எனக்கு மூச்சு இலகுவாகிவிடும். நாளைக்கு வியாழன் என்று.

ஆரம்பத்தில், தொந்தரவாக இருக்குமோ என்று கூப்பிட அவளுக்கே தயக்கமாம். போன மாதம்தான் சொன்னாள். பெக்கி லியூ குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. நாம் நலம் விசாரிப்பதை எதிரில் இருப்பவர் எவ்வளவு மதிப்பார் என்பதை நாம் குறைத்தே கணிக்கிறோமாம். யாரையாவது கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து கூப்பிடுங்கள். அந்தப் பக்கம் இருப்பவளாகச் சொல்கிறேன்.

*

எழுதிய எல்லோருக்கும் நன்றி. செவிலியர் தங்கை எழுதியதைப் படித்ததும், மூன்று வருடமாகக் கேட்காததை இன்று காலை மேட்டில் ஐயாவிடம் கேட்டுவிட்டேன். "அந்த லேஸ் எனக்காகத்தானே கட்டுனீங்க?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பாதி உங்களுக்காக. மீதி, எனக்கும் மூச்சு வாங்கும் தம்பி" என்றார். அவர் மனைவி இறந்து அப்போது ஆறு வருடமாம். நான் வரும்வரை அவரும் அந்த மேட்டில் ஏறியதே இல்லையாம்.