தேதியை எழுத்தாக மாற்றும்போது பட்ட பாடு: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்

சுனாமியில் வீடு இழந்தவர்களின் பழைய பதிவுகளைப் புது மென்பொருளுக்கு மாற்றும் வேலை எங்களுக்கு வந்தது. பழைய ஜாவா நிரல் அச்சிட்ட அறிக்கையில் எல்லாக் குடும்பத்துக்கும் இழப்பு நாள் 26-12-2005. தேவனாம்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் 2004 என்று சொல்வார்கள். டேட்டாபேஸைத் திறந்தால் அங்கேயும் 2004 என்றுதான் இருந்தது. ஆக, தேதி எழுத்தாக மாறும் இடத்தில்தான் கோளாறு.

தேதி எந்த வடிவில் அச்சாக வேண்டும் என்று நிரலில் குறிக்கும் இடத்தில், ஆண்டுக்கு நான்கு பெரிய ஒய் (YYYY) போட்டிருந்தார்கள். சின்ன ஒய் (yyyy) என்றால் காலண்டரில் இருக்கும் ஆண்டு. பெரிய ஒய் என்றால், அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேருமோ அந்த ஆண்டு. சர்வரில் இருந்தது அமெரிக்க ஆங்கில லொகேல், அதாவது எந்த நாட்டு மொழி, நாள்காட்டி வழக்கப்படி காட்ட வேண்டும் என்கிற அமைப்பு. அதன்படி வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும்; ஜனவரி 1 விழுகிற வாரமே புது ஆண்டின் முதல் வாரம். 2004 டிசம்பர் 26 ஞாயிறு, அந்த வாரத்துச் சனிக்கிழமை 2005 ஜனவரி 1. வாரம் முழுக்க 2005 கணக்கில் போய்விட்டது.

இத்தனை நாள் இது கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. அதே அறிக்கையில் ‘தானே’ புயல் கரையைக் கடந்த 30-12-2011 சரியாகவே வந்தது, ஏனென்றால் 2012 ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமை; புது வாரம் அன்றைக்குத்தான் தொடங்கியது, டிசம்பர் 30 பழைய ஆண்டின் வாரத்திலேயே நின்றது. புயல் பக்கத்தை மட்டும் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்குத் தருகிற தாளில் நாள் தப்பாக இருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதைத் திருத்தி மறுபடி அச்சடித்த பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டோம்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அண்ணா, எங்கள் ஊர்ச் சிக்கல் வேறு மாதிரி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் பிறப்புச் சான்றில் மாதப் பெயர் பிரெஞ்சில் இருக்கும். அப்படியே கொடுத்தால், அதைத் தேதியாகப் படிக்க வேண்டிய பைத்தான் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். லொகேலை மாற்றினால் மொத்த நிரலுக்கும் மாறுகிறது என்பதால், 12 மாதப் பெயருக்கும் நாங்களே ஓர் அட்டவணை எழுதினோம். அப்புறமும் பிப்ரவரி, ஆகஸ்ட், டிசம்பர் மட்டும் சில தாள்களில் மாட்டின. அந்த மூன்றிலும் தலைக்குறி உள்ள உயிரெழுத்து வருகிறது. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடில் எழுத்தும் குறியும் சேர்ந்து ஒன்றாகவும் வரலாம், தனித்தனியாகவும் வரலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. எழுத்தையும் குறியையும் ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி முறையில் சீராக்கிய பிறகே பொருந்தியது.

இதிலாவது பிழை என்று தெரிகிறது. இரண்டு இலக்க ஆண்டில் அதுவும் தெரியாது. 12/08/58 என்று கொடுத்தால் பைத்தான் 2058 என்று எடுத்துக்கொள்ளும். 69 முதல் 99 வரை 1900களில் சேரும், 00 முதல் 68 வரை 2000களில் சேரும். பென்ஷன் வாங்கும் பெரியவருக்கு வயது மைனஸில் வந்து நிற்கும். பிறந்த நாள் இன்றைக்குப் பிந்தியதாக வந்தால் 100 ஆண்டு கழிக்கலாம், சரி. ஆனால் 20 என்று இருந்தால் அது பாட்டியின் 1920-ஆ, பேத்தியின் 2020-ஆ? அதை நிரலிடம் விடாமல் மூலத் தாளை எடுத்துப் பார்க்கிறோம்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

ஒரு பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் பிள்ளைகளின் பிறந்த நாள் ஒவ்வொன்றும் ஒரு நாள் முந்திப் பதிவானது. ஜூலை 15 என்று தேர்ந்தெடுத்தால் 14 என்று சேமிக்கும். படிவத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதை நம் ஊர் நள்ளிரவாக எடுத்துக்கொண்டு, ஐஎஸ்ஓ எழுத்தாக (ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கும் சர்வதேச வடிவம்) மாற்றும்போது யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்குக் கொண்டுபோகிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முந்தி இருப்பதால் அது முந்தின நாள் 18:30. முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் 14 தானே வரும்! பிறந்த நாளுக்கு நேரமே தேவையில்லை. இப்போது ஆண்டு, மாதம், நாளைத் தனித்தனியாக எடுத்து நாங்களே ஒட்டி அனுப்புகிறோம்.