ஆந்த்ரசீன் தண்ணீரில் கரையவே மாட்டேன் என்கிறது, டாஃப்னியாவுக்கு இ.சி.50 எப்படி எடுப்பது?

நெல்லைப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்காக ஆந்த்ரசீன் என்ற ஹைட்ரோகார்பனை வைத்து டாஃப்னியா மேக்னா என்ற நீர்த்தெள்ளில் 48 மணி நேர அசைவிழப்புச் சோதனை (ஓ.இ.சி.டி. 202 வழிகாட்டி நெறிமுறை) செய்கிறேன். பாதிக் குஞ்சுகளை அசைவிழக்கச் செய்யும் செறிவான இ.சி.50 தான் வேண்டும். அசிட்டோனில் ஸ்டாக் (அடர்கரைசல்) தயாரித்து, லிட்டருக்கு 0.5 மி.லி. வீதம் ஊற்றி 0.2, 0.4, 0.8, 1.6, 3.2 மி.கி./லி. என ஐந்து செறிவுகள் வைத்தேன். செறிவுக்கு 4 பீக்கர், பீக்கருக்கு 5 குஞ்சுகள். எல்லாம் பிறந்து 24 மணி நேரம் ஆகாதவை.

ஸ்டாக்கை ஊற்றியதும் தண்ணீர் லேசாகக் கலங்கியது. கொஞ்ச நேரத்தில் மேலே பளபளவென்று செதில் மிதந்தது. சில குஞ்சுகள் அதில் சிக்கி நீர்ப்பரப்பிலேயே கிடந்தன. இவற்றை அசைவிழந்தவை என்று எண்ணலாமா?

48 மணி நேர முடிவு, செறிவு வரிசைப்படி, 20க்கு 6, 4, 7, 5, 9. ஆந்த்ரசீன் போடாத வெறும் கண்ட்ரோலில் 0, அசிட்டோன் மட்டும் ஊற்றிய கண்ட்ரோலில் 1. இதில் ப்ராபிட் (செறிவுக்கும் விளைவுக்கும் கோடு பொருத்தி இ.சி.50 எடுக்கும் கணக்கு) போட்டால் கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது. திரும்பச் செய்தபோது அறையில் இடமில்லாமல் ட்ரேயை ஜன்னல் ஓரத்து ராக்கில் வைத்தோம். அந்த முறை ஐந்து செறிவிலும் 17க்குக் குறையாமல் போய்விட்டன, கண்ட்ரோல் மட்டும் நன்றாக இருந்தது. கைடு "இ.சி.50 நம்பர் இல்லாமல் அத்தியாயத்தை முடிக்க முடியாது" என்கிறார். என்ன செய்யலாம்?

கெமிஸ்ட்ரி_மாமா எழுதியது:

கரையவில்லை என்றால் ட்வீன் 80 (சோப்பு மாதிரிப் பொருள்) ஒரு துளி விட்டுப் பாருங்கள், கலங்கல் போய்விடும். இல்லையென்றால் அசிட்டோனுக்குப் பதில் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானுக்கு மாறுங்கள். செதில் மிதப்பது நின்றாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பழைய பீக்கர் எழுதியது:

மாமா மன்னிக்க வேண்டும், ட்வீன் வேண்டவே வேண்டாம். கலங்கல் கண்ணுக்கு மறையும், ஆனால் ஆந்த்ரசீன் கரைந்திருக்காது, சோப்புக்குள் ஒளிந்திருக்கும். டாஃப்னியா எதைச் சந்திக்கிறது என்பது இன்னும் குழம்பும். டி.எம்.எஸ்.ஓ.வும் அப்படித்தான். இவ்வளவு சிறிய அளவில் எந்தக் கரைப்பானும் தண்ணீரின் கரைக்கும் திறனைக் கூட்டாது, பொருளை வேகமாகப் பரப்பிவிடும், அவ்வளவுதான். அதிலும் லிட்டருக்கு 0.1 மி.லி.தான் உச்சவரம்பு. நெல்லைப்பொண்ணு ஐந்து மடங்கு ஊற்றியிருக்கிறார்.

இனி கணக்குக்கு வருவோம். ஆந்த்ரசீன் 25 டிகிரியில் தண்ணீரில் கரைவது லிட்டருக்கு ஏறக்குறைய 0.04 மி.கி. சோதனை நடக்கும் 20 டிகிரியில் அதைவிடக் குறைவு. உங்கள் மிகக் குறைந்த செறிவான 0.2 என்பதே அதற்கு ஐந்து மடங்கு. அப்படியானால் ஐந்து வரிசையிலும் கரைந்திருப்பது ஒரே அளவு, மிச்சமெல்லாம் தூள். 6, 4, 7, 5, 9 என்று வந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஒரே செறிவை ஐந்து தடவை அளந்திருக்கிறீர்கள், அந்த 9 அனேகமாகச் செதில் அதிகம் இருந்த பீக்கர். ப்ராபிட் கோட்டைத் திட்டாதீர்கள், அது உண்மையைத்தான் சொல்கிறது.

செதிலில் சிக்கிய குஞ்சுகள் பற்றி. பீக்கரை மெதுவாக அசைத்த பிறகு 15 விநாடிக்குள் நீந்தாவிட்டால் அசைவிழந்தது என்று கணக்கு, உணர்கொம்பு துடித்தாலும் சரி. ஆனால் மேலே ஒட்டிக்கிடப்பது நஞ்சால் அல்ல, பரப்பில் மாட்டிக்கொண்டதால். அதன் ஓட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் தானாகக் கீழே இறங்க முடியாது. ஒரு சொட்டு ஊடகத்தை (குஞ்சுகள் நீந்தும் சோதனைத் தண்ணீரை) அதன் தலையில் விட்டுப் பாருங்கள், பல நேரம் மூழ்கி நீந்தத் தொடங்கிவிடும். அப்படிப்பட்டவற்றைத் தனி நிரலில் எழுதுங்கள். கண்ட்ரோலிலேயே அசைவிழப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் சோதனையே செல்லாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எனக்கு இதில் ருசியாக இருப்பது அந்த ஜன்னல். உங்கள் இரண்டாவது ட்ரே வீணாகவில்லை, உண்மையில் அதுதான் விஷயம். ஆந்த்ரசீன் உடலின் கொழுப்பில் போய்ச் சேரும். அது 340 முதல் 380 நானோமீட்டர் வரையுள்ள யு.வி.ஏ. என்ற புற ஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சிய ஆற்றலைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்க, அந்த ஆக்சிஜன் செல் சவ்வைக் கிழிக்கிறது. டாஃப்னியா குஞ்சு ஒளி ஊடுருவும் உடம்புக்காரி, தடுக்க ஒன்றுமில்லை. ஜன்னல் கண்ணாடி யு.வி.பி. என்ற இன்னொரு புற ஊதாப் பகுதியைப் பெரும்பாலும் நிறுத்தும், யு.வி.ஏ.வில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். ட்யூப் லைட்டில்கூட அது கொஞ்சம் இருக்கிறது. ஆக ஒளி எவ்வளவு என்று சொல்லாத ஆந்த்ரசீன் இ.சி.50 எதற்கும் உதவாது.

நான் செய்வதாக இருந்தால் இப்படி. ஸ்டாக்கைக் கண்ணாடி மணிகள் மேல் ஊற்றி, அசிட்டோன் முழுக்க ஆவியாகும்வரை ஃபியூம் ஹுட்டில் உருட்டுவேன். மணிகளில் படலம் ஒட்டியதும் ஊடகத்தை நிரப்பி, இருட்டில், சுழி விழாத வேகத்தில் இரண்டு நாளாவது கலக்குவேன். பிறகு ஒரு இரவு அசையாமல் வைத்து, மேற்பரப்பையும் அடியையும் தொடாமல் நடுவிலிருந்து சைஃபன். கரைப்பான் உள்ளே போகவில்லை, கரைப்பான் கண்ட்ரோலும் தேவையில்லை.

எடுத்த தண்ணீரில் தூள் இருக்கிறதா என்று பார்க்க ஐம்பது ரூபாய் லேசர் பாயிண்டர் போதும். பக்கவாட்டில் அடித்து, உள்ளே கோடு தெரிந்தால் துகள் இருக்கிறது. ஆந்த்ரசீனுக்கு இன்னொரு வழியும் உண்டு. ரூபாய் நோட்டு சோதிக்கும் யு.வி. டார்ச்சை இருட்டில் அடித்தால் படிகங்கள் நீலப் புள்ளிகளாக மின்னும். குஞ்சுகளைப் போடுவதற்கு முன்னால் மட்டும் அடிக்கவும்!

அந்தத் தெளிந்த நிறைகரைசலை (கரையக்கூடிய மட்டும் ஆந்த்ரசீன் கரைந்த தண்ணீரை) 100, 50, 25, 12.5, 6.25 சதவீதமாக நீர்த்து இரண்டு தொகுதி வையுங்கள். ஒன்று முழு இருட்டில், ஓ.இ.சி.டி. 202 நெறிமுறையே அதை அனுமதிக்கிறது. மற்றொன்று அளந்த யு.வி.ஏ. விளக்கின் கீழ், கூடவே ஆந்த்ரசீன் இல்லாத ஒரு கண்ட்ரோலும் அதே விளக்கில். இருட்டுத் தொகுதியில் நிறைகரைசலிலும் பாதிக்குக் கீழேதான் அசைவிழக்கின்றன என்றால், "இ.சி.50 அளந்த நிறைசெறிவைவிட அதிகம்" என்று எழுதிவிட்டு நகருங்கள். அது முழுமையான முடிவு. உங்கள் கைடு கேட்கும் நம்பர் வெளிச்சத் தொகுதியில் வர நிறைய வாய்ப்பிருக்கிறது.

எடைத்தட்டு எழுதியது:

பீக்கர் அக்கா சொன்னதில் "அளந்த" என்ற சொல்லின் கீழ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் எச்.பி.எல்.சி. (கரைந்த பொருளைப் பிரித்து அளக்கும் கருவி) பாருங்கள், ஆந்த்ரசீனுக்கு ஃப்ளூரசென்ஸ் டிடெக்டர் அருமையாக வேலை செய்யும். 48 மணி நேரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் பெயரளவுச் செறிவை (போட்டதாகக் கணக்கிட்டதை) விட்டுவிட்டு, இரண்டு அளவின் பெருக்குச் சராசரியில் கணக்குப் போட வேண்டும். வெளிச்சத் தொகுதியில் கட்டாயம் விலகும், அதே ஒளி ஆந்த்ரசீனையும் சிதைக்கிறது. 24 மணி நேரத்தில் கரைசலை மாற்றுங்கள், மாற்றும்போது பழையதையும் புதியதையும் அளந்துவிடுங்கள். சோதனைக்குக் கண்ணாடி மட்டும்தான், பிளாஸ்டிக் கப் ஆந்த்ரசீனைக் குடித்துவிடும்.

நெல்லைப்பொண்ணு எழுதியது:

பீக்கர் அக்கா, எடைத்தட்டு அண்ணா, ரொம்ப நன்றி. கைடிடம் காட்டினேன். இருட்டு, வெளிச்சம் என்று இரண்டாகப் பிரிப்பது அவருக்கே பிடித்துவிட்டது. இரண்டு சந்தேகம். டீசல் மாதிரிப் பொருளுக்குச் செய்கிறார்களே, லிட்டருக்கு இவ்வளவு போட்டேன் என்று கொட்டிய அளவை வைத்தே முடிவு சொல்வது, அதை இதற்கும் செய்யலாமா? அப்புறம், சைஃபனுக்குப் பதில் 0.45 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் வடித்தால் வேலை சீக்கிரம் முடியுமே?

பழைய பீக்கர் எழுதியது:

முதலாவதற்கு, வேண்டாம். டீசலில் நூற்றுக்கணக்கான கூறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் கரைகிறது. ஒரே செறிவு என்று ஒன்றைச் சொல்ல முடியாததால்தான் அங்கே போட்ட அளவை வைத்துப் பேசுகிறார்கள். உங்களிடம் இருப்பது ஒரே மூலக்கூறு, அளக்கவும் முடியும்.

ஃபில்டர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். பிளாஸ்டிக் சவ்வு முதலில் வடியும் தண்ணீரிலிருந்து ஆந்த்ரசீனைப் பிடித்துக்கொள்ளும், நுண்படிகங்களையோ சில சமயம் விட்டுவிடும். இரண்டு பக்கமும் நஷ்டம். லேசரில் கோடு தெரிந்தால் சென்ட்ரிஃப்யூஜ் போடுங்கள். குழாய் கண்ணாடியாக இருக்கட்டும், ஆனால் அந்தக் குழாய் எத்தனை ஜி (சுழற்றும் விசை) வரை தாங்கும் என்று பார்த்துவிட்டுச் சுழற்றுங்கள். உடைந்தால் ரோட்டரைத் துடைப்பதிலேயே மதியம் போய்விடும்.

இன்னொன்று, இந்த வேலையெல்லாம் தொடங்குமுன் பொட்டாசியம் டைக்ரோமேட்டை வைத்து உங்கள் டாஃப்னியாவைச் சோதித்துவிடுங்கள். 24 மணி நேர இ.சி.50, 0.6க்கும் 2.1 மி.கி./லி.க்கும் இடையில் வர வேண்டும். வராவிட்டால் ஆந்த்ரசீன் பாட்டிலைத் திறக்காதீர்கள், முதலில் நீங்கள் வளர்க்கும் டாஃப்னியா கல்ச்சரைப் பாருங்கள். முதல் ஈற்றுக் குஞ்சுகளையும் சோதனைக்கு எடுக்க வேண்டாம்.