சொந்த செய்தி சர்வர்: டேட்டாபேஸிலும் லாகினிலும் நீங்கள் பட்டதை எழுதுங்கள்

தொடங்கியவர்

சர்வரை நிறுவுவது எப்படி என்று எழுதியவர்கள் நிறையப் பேர். நிறுவி ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்று எழுதியவர்கள் குறைவு. அரட்டைக்கான செய்தி சர்வர் நடத்துகிறவர்கள், தகவல் சேமிப்பிலும் லாகின் சரிபார்ப்பிலும் பட்டதை இந்த இழையில் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

எங்கள் அலுவலகத்தில் சுமார் 180 பேர். இஜாபர்டி என்ற அரட்டை சர்வர் மென்பொருள் ஓடுகிறது. அது எர்லாங் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. எர்லாங்கோடு வரும் மினீசியா என்ற டேட்டாபேஸைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். தனியாக எதுவும் நிறுவாமல் ஒரே நாளில் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். நாளைக்கு ஆட்கள் கூடுவார்களே என்று போஸ்ட்கிரெஸ் என்ற தனி டேட்டாபேஸுக்கு மாற முடிவு செய்தேன். கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸ் வகை, சர்வர் முகவரி, டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்டு என்று ஐந்து வரி சேர்த்தேன். அட்டவணைகளை உருவாக்கினேன். ரீஸ்டார்ட் செய்தேன். லாக்கில் ஒரு பிழை இல்லை. மாறிவிட்டோம் என்று நம்பினேன்.

மூன்று மாதம் கழித்து நெட்வொர்க் குழுவினர் எல்லா மெஷின்களுக்கும் புதுப் பெயர் வைத்தார்கள். மறுநாள் காலை சர்வர் எழவே இல்லை. இந்த டேட்டாபேஸ் வேறொரு நோடுக்கு (பெயர் வைத்து ஓடும் ஓர் எர்லாங் சர்வருக்கு) சொந்தமானது என்று லாக் சொன்னது. போஸ்ட்கிரெஸுக்கு எர்லாங் நோடின் பெயரோடு என்ன சம்பந்தம் என்று புரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு பயனர் அட்டவணையில் எத்தனை வரிசை என்று எண்ணிப் பார்த்தேன். பூஜ்யம்.

அந்த ஐந்து வரியும் போஸ்ட்கிரெஸ் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கின்றன. எதை அதில் வைக்க வேண்டும் என்று அவை சொல்வதில்லை. லாகின் முறையை எஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ்களின் மொழி) என்று தனியாகச் சொல்ல வேண்டும். மாட்யூல்கள் (சர்வரின் தனித்தனி வசதிகள்) பயன்படுத்தும் இயல்பு டேட்டாபேஸையும் தனியாகச் சொல்ல வேண்டும். நான் இரண்டையும் சொல்லவில்லை. 180 பேரின் கணக்கும் தொடர்புப் பட்டியலும் பழையபடி மினீசியாவிலேயே இருந்திருக்கின்றன. மினீசியா தன் கோப்புகளை நோடின் பெயரோடு கட்டிவைக்கிறது. நான் நோடுக்கு மெஷினின் பெயரையே வைத்திருந்ததால், பெயர் மாறியதும் வீட்டுக்காரன் யாரென்று அதற்குத் தெரியவில்லை.

பழைய பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பில் (மெஷின் பெயருக்கு முகவரி சொல்லும் கோப்பு) சேர்த்து, நோடுக்கும் அதையே கொடுத்ததும் எல்லாம் திரும்பி வந்தது. அன்று மாலையே முழு பேக்கப் எடுத்தேன். மினீசியாவில் இருப்பதை எஸ்க்யூஎல் கோப்பாக எழுதித்தரும் கட்டளை இஜாபர்டியின் நிர்வாகக் கருவியிலேயே இருக்கிறது. அதை வைத்து இந்த முறை உண்மையாகவே மாறினேன். மாறிய பிறகு செய்த முதல் வேலை, அட்டவணை அட்டவணையாக வரிசைகளை எண்ணியது.

இன்னொன்று. உரையாடல் காப்பகத்தை மினீசியாவில் விட்டிருப்பவர்கள் கவனியுங்கள். அது வட்டில் வைக்கும் அட்டவணைக் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளராது. நிரம்பினால் புதுச் செய்திகள் காப்பகத்தில் ஏறாது. அரட்டை மட்டும் வழக்கம்போல நடந்துகொண்டிருக்கும். லாக்கைப் படிக்காதவருக்கு எதுவுமே தெரியாது.

இரண்டாமவர்

வரிசையை எண்ணச் சொன்னீர்களே, எண்ணினாலும் பிடிபடாத ஒன்றை நான் பார்த்தேன்.

எங்கள் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். ஒருவர் வந்து, “நேற்று அனுப்பியது கணினியில் இருக்கிறது, புது போனில் இல்லை” என்றார். ஒன்றிரண்டு செய்திதான் காணோம். மற்றவை எல்லாம் இருக்கின்றன. இரண்டு நாள் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் காணாமல்போனவற்றை ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு இமோஜி இருந்தது.

மைஎஸ்க்யூஎல்லில் யுடிஎஃப்8 (எழுத்துகளை பைட்டாக எழுதும் முறை) என்று பழைய பெயரில் அட்டவணை உருவாக்கினால் ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் இடம். இமோஜிக்கு நான்கு வேண்டும். செய்தி எதிராளிக்கு நேரடியாகப் போய்விடுகிறது. காப்பகத்தில் எழுதும்போது டேட்டாபேஸ் பிழை சொல்லி மறுத்துவிடுகிறது. ஆக, அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் அந்த நேரத்தில் குறை தெரியாது. வேறு கருவியில் திறக்கும்போதுதான் ஓட்டை தெரியும்.

தமிழில் சோதிப்பவர்கள் இதில் ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. யூனிகோடில் நாம் எழுதும் தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்8-இல் சரியாக மூன்று பைட். ‘கா’ என்றால் ககரமும் துணைக்காலும் சேர்ந்து ஆறு. அதனால் தமிழ் முழுக்கப் பத்திரமாக ஏறும். “தமிழே வருகிறது, இனி எல்லாம் வரும்” என்றுதான் நானும் சோதனையை முடித்தேன். சோதனைச் செய்தியில் ஒரு இமோஜியும் போட்டுப் பாருங்கள்.

2010-இல் வந்த 5.5.3 பதிப்பிலிருந்து, நான்கு பைட் வரை ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 இருக்கிறது. அட்டவணைகளை அதற்கு மாற்றினேன். மாற்றும்போது சில இண்டெக்ஸ்கள் (தேடலை வேகமாக்கும் பட்டியல்கள்) மறுத்தன. மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியின் பழைய அமைப்பில் இண்டெக்ஸுக்கு 767 பைட்தான் எல்லை. எழுத்துக்கு நான்கு பைட் என்றால் 191 எழுத்துக்கு மேல் போகாது. மைஎஸ்க்யூஎல்லுக்காக இஜாபர்டி தரும் அட்டவணை வரைவில் 191 என்ற எண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. காணாமல்போனவை போனவைதான், அவற்றைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை.

மூன்றாமவர்

லாகின் பக்கத்தைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். இதில் நான் செலவிட்ட வாரங்களை வேறு யாரும் செலவிட வேண்டாம்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு இணையதளம் இருந்தது. அதன் பயனர் அட்டவணையில் பாஸ்வேர்டுகள் பீகிரிப்ட் ஹாஷாக (அசலைத் திரும்பப் பெற முடியாதபடி உருமாற்றிய வடிவம்) இருந்தன. அதே பாஸ்வேர்டில் அரட்டைக்கும் நுழைய வேண்டும். லாகின் ஸ்க்ராம் முறையில்தான் நடக்க வேண்டும். மேலிடம் கேட்டது இவ்வளவுதான். இரண்டும் தனித்தனியாக நியாயமான கோரிக்கைகள். சேர்ந்தால் நடக்காது.

ஏனென்று சொல்கிறேன். ஸ்க்ராமில் பாஸ்வேர்டு சர்வருக்குப் போவதே இல்லை. பாஸ்வேர்டை உப்பு (தற்செயலாக எடுத்த எழுத்துத் தொடர்) சேர்த்துக் குறைந்தது 4096 முறை சுற்றி, அதிலிருந்து இரண்டு சாவிகளை உண்டாக்கி, அவற்றையும் உப்பையும் சுற்று எண்ணிக்கையையும் மட்டுமே சர்வர் வைத்துக்கொள்ளும். லாகின் நேரத்தில் பயனரின் கருவி தன் பக்கத்தில் அதே கணக்கைப் போட்டு, பாஸ்வேர்டு தெரியும் என்பதற்குச் சான்று மட்டும் அனுப்பும். சர்வரும் தன்னை நிரூபிக்க வேண்டும். 2010-இல் ஆர்எஃப்சி 5802 என்ற இணையத் தர ஆவணமாக வந்த ஏற்பாடு இது. ஷா256 என்ற ஹாஷைப் பயன்படுத்தும் வகை 2015-இல் ஆர்எஃப்சி 7677. பீகிரிப்ட் ஹாஷிலிருந்து இந்தச் சாவிகளை உண்டாக்கவே முடியாது. அசல் பாஸ்வேர்டு கையில் இருந்தால் மட்டும்தான் முடியும்.

எனவே வழி இரண்டுதான். ஒன்று, இணைப்பைக் குறியாக்கும் டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்கி, அதற்குள் ப்ளெயின் முறையில், அதாவது பாஸ்வேர்டை அப்படியே வாங்கிப் பழைய ஹாஷோடு ஒப்பிடுவது. ஓப்பன்ஃபயர் என்ற இன்னொரு அரட்டை சர்வரில் வெளி டேட்டாபேஸை இப்படிப் பார்க்கும் வசதி பீகிரிப்ட் உட்பட இருக்கிறது. இஜாபர்டியில் வெளி நிரல் ஒன்றை எழுதி இணைக்கலாம். இரண்டாவது, எல்லோரையும் புது பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி ஸ்க்ராமுக்கு மாறுவது. நாங்கள் முதல் வழியில் தொடங்கினோம். எல்டேப் டைரக்டரியோடு (அலுவலகக் கணக்குகளை ஓரிடத்தில் வைக்கும் பட்டியல்) இணைப்பவர்களுக்கும் இதே நிலைதான்: டைரக்டரியே பாஸ்வேர்டைச் சரிபார்ப்பதால் சர்வருக்கு அது தெளிவாகத் தெரிந்தாக வேண்டும், ஸ்க்ராம் கிடைக்காது. டிஎல்எஸ் இல்லாத இணைப்பில் ப்ளெயினை அனுமதிக்காதீர்கள். சர்வருக்கும் எல்டேப்புக்கும் நடுவில் இருக்கும் கம்பியையும் மறந்துவிடாதீர்கள். எல்டேப்பின் வழக்கமான போர்ட் 389-இல் குறியாக்கம் இல்லாமல் விட்டால் வாசலைப் பூட்டிக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்ததுதான்.

இன்னொரு இடறல் யூசர் பெயரில். எக்ஸ்எம்பிபி (இஜாபர்டி, ஓப்பன்ஃபயர் பேசும் நெறிமுறை) முகவரியில் பெயர்ப் பகுதி சிறிய எழுத்தாக மாற்றப்பட்ட பிறகுதான் தேடலுக்கே போகிறது. இணையதளத்தில் சிலர் பெரிய எழுத்தில் பதிவு செய்திருந்தார்கள். மைஎஸ்க்யூஎல்லில் சோதித்தபோது அதன் இயல்பான ஒப்பீடு பெரியது சிறியது பார்க்காததால் எல்லோரும் நுழைந்தார்கள். உண்மையான சர்வர் போஸ்ட்கிரெஸ், அது பார்க்கும். அவர்களுக்கு மட்டும் “பாஸ்வேர்டு தவறு” என்று வந்தது. பாவம், அதிலொருவர் ஐந்து முறை பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்.

கடைசியாக ஒன்று, என் மனதை மிகவும் உறுத்தியது. வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை இணையதளத்தின் பயனர் அட்டவணையில் மூடினோம். நான்கு நாள் கழித்தும் அவர் பெயர் ஆன்லைனில் தெரிந்தது. சரிபார்ப்பு நடப்பது இணைப்பு தொடங்கும்போது மட்டும்தான். ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பை யாரும் போய்க் கேட்பதில்லை. குழு அறைகளின் பேச்சு நான்கு நாள் அவருடைய போனுக்குப் போயிருக்கிறது. அவர் எதுவும் செய்யவில்லை, நல்ல மனிதர். ஆனாலும் அது எங்கள் பொறுப்பு. இப்போது கணக்கை மூடும் அதே ஸ்கிரிப்டில் இணைப்பைத் துண்டிக்கும் கட்டளையும் இருக்கிறது.

நான்காமவர்

சுருக்கமாக இரண்டு.

இஜாபர்டி ஒவ்வொரு டொமைனுக்கும் தனியாகப் பத்து டேட்டாபேஸ் இணைப்பு திறக்கும். போஸ்ட்கிரெஸின் இயல்பு உச்சம் 100. அதிலும் மூன்று நிர்வாகிக்கு ஒதுக்கம். ஒன்பது டொமைன் வரை நன்றாக இருந்தது. பத்தாவதைச் சேர்த்த அன்று, எதையுமே தொடாத பழைய டொமைன்காரர்களுக்கும் லாகின் விட்டுவிட்டு வந்தது. உச்சத்தை உயர்த்துவதைவிட, சின்ன டொமைன்களுக்கு இணைப்பைக் குறைப்பதே சரியென்று எனக்குப் படுகிறது.

அடுத்தது மைஎஸ்க்யூஎல். எட்டு மணி நேரம், அதாவது 28800 விநாடி பேசாத இணைப்பை அது மூடிவிடும். விடுமுறைக்கு மறுநாள் காலை முதலில் வருபவருக்கு மட்டும் லாகின் தோற்றுக்கொண்டிருந்தது. இடையிடையே வெற்றுக் கேள்வி அனுப்பி இணைப்பை உயிரோடு வைக்க ஓர் அமைப்பு உண்டு. இயல்பில் அது அணைந்திருக்கும். போட்டதும் சரியானது.

ஐந்தாமவர்

நான் மேட்ரிக்ஸ் என்ற வேறொரு அரட்டை நெறிமுறையின் பக்கம், அதற்கான சினாப்ஸ் சர்வர். தொடக்கத்தில் எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் இருந்தேன். சில பெரிய அறைகளில் சேர்ந்ததும் மூச்சுத் திணறியது. போஸ்ட்கிரெஸுக்கு நகர்த்தும் ஸ்கிரிப்ட் சினாப்ஸோடு வருகிறது. ஆனால் டேட்டாபேஸை வழக்கம்போல உருவாக்கிவிட்டேன். சினாப்ஸ் தொடங்க மறுத்தது. எழுத்து வரிசை முறை ‘சி’ (மொழி பார்க்காத, பைட் வரிசை) என்று இருந்தாக வேண்டும் என்கிறது. அந்தச் சோதனையைத் தாண்டிப்போக ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். இயங்குதளத்தின் சி நூலகம் மேம்படும்போது மொழிவாரி வரிசை மாறினால், பழைய வரிசைப்படி கட்டிய இண்டெக்ஸ் தவறாகிவிடும். தேடியது இருந்தும் இல்லையென்று சொல்லும். டேட்டாபேஸை அழித்துச் சரியான முறையில் மீண்டும் உருவாக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

லாகினில் ஒரு எச்சரிக்கை. பாஸ்வேர்டு ஹாஷோடு சேர்க்கும் ‘பெப்பர்’ என்ற ரகசியச் சொல் கான்ஃபிக் கோப்பில்தான் இருக்கும். புது மெஷினுக்கு டேட்டாபேஸை மட்டும் எடுத்துப்போய், கான்ஃபிக்கைப் புதிதாக எழுதினால் ஒருவராலும் நுழைய முடியாது. என் நண்பருக்கு அது நடந்தது. பழைய வட்டு அழியாமல் இருந்ததால் பிழைத்தார்.

தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் ஆன்லைனில் இருந்த கணக்கைப் படித்ததும் எங்கள் பட்டியலைப் பார்த்தேன். வேறு பிரிவுக்குப் போன இருவர் பழைய அறைகளில் இன்னும் இருந்தார்கள். எடுத்துவிட்டேன்.

ஐந்தாமவர் சொன்னதைப் படித்த பிறகு, நேற்றிரவு பேக்கப்பை வேறொரு காலி மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். முன்பே ஒரு தாளில் எது எங்கே இருக்கிறது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்: கணக்குகள், தொடர்புப் பட்டியல், காப்பகம் மூன்றும் போஸ்ட்கிரெஸில், சான்றிதழும் கான்ஃபிக்கும் தனி அடைவில். அந்த ஐந்தையும் வைத்துத்தான் ஏற்றினேன். சோதனைக் கணக்கில் நுழைந்தேன். தொடர்புகள் வந்தன. மூன்று வருடப் பேச்சு வந்தது, இமோஜியோடு. படங்கள் மட்டும் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

பதிவேற்றும் கோப்புகள் டேட்டாபேஸுக்குள் போவதில்லை. சர்வரின் வட்டில் ஓர் அடைவில் கிடக்கின்றன, டேட்டாபேஸில் இருப்பது இணைப்பு முகவரி மட்டும். இத்தனை நாள் எடுத்த பேக்கப் எதிலும் அந்த அடைவு இல்லை. இப்போது நகல் ஓடிக்கொண்டிருக்கிறது. தாளில் ஆறாவது வரியை எழுதிவிட்டேன். ஏழாவதாக எதையாவது விட்டிருக்கிறேனா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.