பினாங்கு, புக்கெட்: கப்பல்காரங்க டூர் எடுக்காம நாமளே இறங்கி சுத்தலாமா?

குட்டீஸ்_அம்மா:
வணக்கம் மக்களே. மே கடைசி வாரம் சிங்கப்பூர்ல ஏறி பினாங்கு, புக்கெட் போயிட்டு திரும்ப சிங்கப்பூர்லயே இறக்கி விடுற 4 ராத்திரி கப்பல் புக் பண்ணிருக்கோம். நானும் வீட்டுக்காரரும், 9 வயசு பையன், 4 வயசு பொண்ணு, மாமனார், மாமியார். மாமாவுக்கு முட்டி வலி, படின்னாலே முகம் சுருங்கிடும். கப்பல்ல விக்கிற டூர் விலைய ஆறால பெருக்கிப் பாத்துட்டு போனை கீழ வச்சிட்டேன். பினாங்குல செவ்வாய்க்கிழமை காலை 11லருந்து ராத்திரி 8 வரைக்கும் நிக்குதாம், புக்கெட்ல புதன் காலை 9லருந்து சாயங்காலம் 6. நாமளே சுத்திட்டு வரலாமா? பையன் பீபீ தீவு போயே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். லேட் ஆகி கப்பல் கிளம்பிட்டா என்ன பண்றதுன்னு எனக்கு இப்பவே தூக்கம் வரல 😅

பினாங்குக்காரன்:
பினாங்குக்கு டூரே வேணாம்கா. ஸ்வெட்டன்ஹாம் பியர்ல கப்பல் நேரா கரையிலயே கட்டிருவாங்க, வெளிய வந்தா அதான் ஜார்ஜ் டவுன், 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தது இந்த ஏரியாவைத்தான். லிட்டில் இந்தியா நடந்தே போலாம், பெரியவருக்கு முடியலன்னா போன்ல கிராப் ஆப்ல டாக்ஸி போடுங்க, ஆறு சீட்டர்னு பாத்து போடணும், சாதா கார்ல ஆறு பேர ஏத்த மாட்டான். குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833ல கட்டினது, மாமியாருக்கு கண்டிப்பா புடிக்கும், ஆனா இறங்கின உடனே ஓடாதீங்க, மதியம் நடை சாத்திருவாங்க. அதனால மொதல்ல பினாங்கு ஹில் போயிருங்க, 1923லருந்து ஓடுற மலை ரயிலு, பசங்க குதிப்பாங்க, மேல காத்தும் ஜில்லுனு இருக்கும். மூணு மூணரைக்குள்ள இறங்கி, பினாங்கு ரோட்டுல செண்டோல்னு ஜில்லுனு ஒரு தேங்காப்பால் இனிப்பு குடிச்சிட்டு, சாயங்காலம் கோயில். தண்ணீர்மலை முருகன் இந்த தடவை வேணாம்கா, ஐநூறு படிக்கு மேல, உங்க மாமனார் பாவம்லா.

கப்பல்_பைத்தியம்:
ஹில் விஷயத்துல மட்டும் எனக்கு ஒப்புதல் இல்ல. ஸ்கூல் லீவு சமயத்துல கீழ ஸ்டேஷன்லயே கியூ உயிரை வாங்கும், 4 வயசு பொண்ண வச்சிக்கிட்டு கஷ்டம். போறதா இருந்தா ஃபாஸ்ட் லேன் டிக்கெட் எடுத்துட்டு போங்க, இல்லன்னா விட்டுருங்க.

புக்கெட்தான் உஷாரா இருக்க வேண்டிய இடம். பெரும்பாலும் கப்பல் பாதோங் பீச் பக்கம் கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும், சின்ன படகுல ஏத்தி கரைக்கு விடுவாங்க, டெண்டர்னு சொல்லுவாங்க. டோக்கன் வாங்கி, கப்பல் டூர் எடுத்தவங்க போனப்புறம் நம்ம முறை வர்றதுக்குள்ள பத்தரை ஆனாலும் ஆகும். மே மாசம் தென்மேற்குப் பருவக்காத்து வேற, அலை ஜாஸ்தின்னா டெண்டரே ரத்து பண்ணிருவாங்க, பீச்சுல சிவப்புக் கொடி நட்டிருப்பாங்க, அதனால முன்கூட்டியே காசு கட்டி எதையும் புக் பண்ணாதீங்க. டெண்டர்ல ஏறும்போது படகு ஆடும், மாமாவ ரெண்டு பக்கமும் புடிச்சிக்க ஆள் இருப்பாங்க, இருந்தாலும் காலைலயே ஸ்டாஃப்கிட்ட சொல்லி வைங்க.

பீபீ தீவு வேணாம், சத்தியமா வேணாம். பாதோங்லருந்து புக்கெட் தீவோட அந்தப் பக்கம் போய் ஸ்பீட் போட் புடிச்சு திரும்பறதுக்குள்ள நாளே போயிரும். கப்பல் டூர்ல போனவங்க லேட் ஆனா கப்பல் காத்திருக்கும், நாமளா போனா காத்திருக்காது, நம்ம சொந்தக் காசுல சிங்கப்பூருக்கு ஃப்ளைட் புடிக்கணும்.

மணி_தப்பினவன்:
மேல சொன்னதோட இன்னொண்ணு, யாரும் சொல்லாம விட்டது: டைம்! தாய்லாந்து மணி சிங்கப்பூர விட ஒரு மணி நேரம் பின்னாடி. நாங்க போன கப்பல்ல சிங்கப்பூர் டைமையே வச்சிருந்தாங்க, ஆனா கரைல இறங்கினதும் போன் தானா தாய்லாந்து டைமுக்கு மாறிருச்சு. கடைசி டெண்டர் 5 மணி, நான் போனப் பாத்து இன்னும் மூணே முக்கால்தானேன்னு பசங்களுக்கு ரெண்டாவது இளநி வாங்கிக்கிட்டு நிக்கிறேன், பக்கத்துல ஒரு பாட்டி கைல கட்டின வாட்ச்சக் காட்டி நாலே முக்கால்டான்னு கத்துச்சு. அப்ப ஓடின ஓட்டம், என் வீட்டம்மா இன்னும் சொல்லிக் காட்டுறா. ஆளுக்கு ஒரு சாதா வாட்ச் கட்டி கப்பல் டைம் வச்சிக்குங்க, எந்த டைம் ஓடுதுன்னு காலைலயே ரிசப்ஷன்ல கேட்டுருங்க.

குட்டீஸ்_அம்மா:
ஐயோ நன்றி நன்றி, டைம் விஷயம் சுத்தமா தெரியாது! அப்ப புக்கெட் ஓல்டு டவுன் போலாமா, தாலாங் ரோடு போட்டோல அழகா இருக்கு?

கப்பல்_பைத்தியம்:
போலாம், பாதோங் மலை ஏறி இறங்கி ஒரு 15 கிலோமீட்டர், டிராஃபிக் இருந்தா ஒரு மணி நேரம் கூட இழுக்கும். துக்துக்ல ஏறாதீங்க, கேக்குற ரேட்டுக்கு தலை சுத்தும், கிராப் இல்லன்னா போல்ட் போடுங்க. ரெண்டு மணிக்கெல்லாம் திரும்பி பாதோங் வந்துருங்க, ஜங்சிலோன் மால்ல ஏசி, சாப்பாடு, பாத்ரூம் எல்லாம் இருக்கு, பெரியவங்க அங்க உக்காந்துக்கட்டும்.

குட்டீஸ்_அம்மா:
சரி, பினாங்குல ஹில் ஃபாஸ்ட் லேன்ல, சாயங்காலம் கோயில். புக்கெட்ல கடல் எப்படின்னு பாத்துட்டு அப்பறம் முடிவு. பையன்கிட்ட பீபீ இல்லன்னு சொல்ற வேலைய அவங்கப்பா தலைல கட்டிட்டேன். மாமா பீரோலருந்து பழைய எச்எம்டி வாட்ச்ச எடுத்து சாவி குடுத்துட்டு இருக்கார், கப்பல் டைம் அவர் பொறுப்பாம்.