சிறுநீர்ப் பட்டையில் சந்தேகம் வந்தபின் இரத்தப் பரிசோதனை உதவுமா?

பாயான்பாரு வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகனுக்குப் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. சேருவதற்கு முந்திய மருத்துவப் பரிசோதனைக்கு அவர்களுடைய பேனல் கிளினிக்கிற்கு (நிறுவனம் நியமித்த கிளினிக்) போனபோது, தாதி அவன் கண்ணெதிரிலேயே சிறுநீரில் பட்டையை நனைத்திருக்கிறார். கஞ்சாவுக்கான கட்டத்தில் கோடு மிக மங்கலாகவும், ஓபியேட் (அபின் வகை மருந்துகள்) கட்டத்தில் கோடே விழாமலும் இருந்ததாம். "தெளிவாக இல்லை, நிறுவனத்துக்குத் தெரிவிப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையன் இருமலுக்காக வேறொரு கிளினிக்கில் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். சில வாரங்களுக்கு முன் நண்பர்கள் கஞ்சா புகைத்த வீட்டில் தான் இருந்ததாகவும், தான் தொடவில்லை என்றும் சொல்கிறான். ஜார்ஜ்டவுனில் சொந்தச் செலவில் இரத்தம் கொடுத்துச் சோதித்தால் உண்மை வெளிவந்துவிடும் என்பது அக்காளின் எண்ணம். சிறுநீரைவிட இரத்தப் பரிசோதனை நம்பகமானதா? உடனே போகலாமா?

ஓய்வுபெற்ற ஆய்வகர், கோலாலம்பூர் எழுதியது:

ஐயா, முதலில் அந்த மங்கலான கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பச் சோதனைப் பட்டையைப் பார்த்துப் பழகியவர்கள் கோடு விழுந்தால் 'இருக்கிறது' என்று எடுத்துக்கொள்வார்கள்; போதைப்பொருள் பட்டை இதற்கு நேர் எதிர். சிறுநீரில் மருந்து இல்லையென்றால், பட்டையில் உள்ள எதிர்ப்பொருள் சோதனைக் கட்டத்தில் ஒட்டிக்கொண்டு கோடாகத் தெரியும்; மருந்து போதிய அளவில் இருந்தால் அது எதிர்ப்பொருளை முன்னதாகவே பிடித்துக்கொள்வதால் கோடு விழாது. எனவே கஞ்சாக் கட்டத்தில் எவ்வளவு மங்கலாகக் கோடு இருந்தாலும், பட்டை சரியாக வேலை செய்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடும் விழுந்திருந்தால், அது 'நெகட்டிவ்' என்றே படிக்கப்பட வேண்டும். மங்கலைப் 'பாதி பாசிட்டிவ்' என்று கருதுவது பயிற்சிக் குறைவு. உங்களுக்கு மீதமிருப்பது ஓபியேட் கேள்வி மட்டுமே.

இனி இரத்தம். இரத்தமும் சிறுநீரும் ஒரே கேள்விக்கு விடை சொல்பவை அல்ல. கஞ்சா புகைத்த சில நிமிடங்களிலேயே அதில் போதை தரும் பொருளான டி.எச்.சி. இரத்தத்தில் உச்சத்தைத் தொட்டு, கொழுப்புத் திசுக்களுக்குள் இறங்கிவிடுவதால், மூன்று நான்கு மணி நேரத்தில் மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் அளவுக்குச் சரிந்துவிடும். எப்போதாவது புகைப்பவரிடம் மறுநாள் பெரும்பாலும் எதுவும் அகப்படாது. அன்றாடம் புகைப்பவரிடமோ, கொழுப்பிலிருந்து மெல்லக் கசிந்து, நிறுத்திப் பல நாட்கள் கழித்தும் சிறிதளவு இருக்கும். சிறுநீரில் தேடப்படுவது டி.எச்.சி.யே அன்று, கல்லீரல் அதை மாற்றிய போதையற்ற கார்பாக்சி சிதைபொருள். அது எப்போதாவது புகைப்பவரிடம் சில நாட்களும், நாள்தோறும் புகைப்பவரிடம் பல வாரங்களும் தங்கும். ஆகவே இரத்தம் அண்மைய மணி நேரங்களைப் பேசும். சிறுநீர் கடந்த நாட்களைப் பேசும். இன்று போய் இரத்தம் கொடுத்து 'இல்லை' என்று வந்தால், பரிசோதனை நாளன்று சிறுநீரில் என்ன இருந்தது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அந்தச் செலவு வீண் என்பதே என் கருத்து.

நீங்கள் கேட்க வேண்டியது, அதே மாதிரிமீது உறுதிச் சோதனை. பட்டை என்பது முதல்நிலை வடிகட்டி. வடிவத்தில் ஒத்த மூலக்கூறுகளை அது பிரித்தறியாது. உறுதிச் சோதனையில் குரோமடோகிராபி பொருட்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி ஒவ்வொன்றும் உடையும் துணுக்குகளின் எடையை வைத்து அடையாளம் காட்டும். அளவு பிசகாமலிருக்க, ட்யூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய அதே மருந்தைத் தெரிந்த அளவில் மாதிரியோடு கலந்து ஓட்டுவார்கள்.

செந்தூல் சட்டதாசன் எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இரத்தமே வேண்டாம் என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாலை விபத்து வழக்குகளில், ஓட்டும் நேரத்தில் உடலில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி என்பதால், அங்கே இரத்தத்துக்குத் தனி மதிப்பு உண்டு. நம் நாட்டில் மதுவுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் என்று 2020ஆம் ஆண்டுத் திருத்தம் வரம்பைக் குறைத்தது. போதைப்பொருளுக்கோ, வாகனத்தைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தாரா என்பதைச் சட்டம் பார்க்கிறது. பிரிட்டனில் 2015 முதல் டி.எச்.சி.க்கு லிட்டர் இரத்தத்தில் 2 மைக்ரோகிராம் வரம்பு. ஜெர்மனியில் 2024 முதல் மில்லிலிட்டர் சீரத்தில் (இரத்த அணுக்கள் நீக்கிய தெளிந்த நீர்) 3.5 நானோகிராம். இவ்விரண்டையும் அப்படியே ஒப்பிடுவது தவறு; டி.எச்.சி. சிவப்பணுக்களுக்குள் அதிகம் புகாததால், சீரத்தில் காணும் அளவு முழு இரத்தத்தில் காண்பதைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருக்கும். அறிக்கையில் எது சோதிக்கப்பட்டது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்து வாதாடுவோரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மருமகன் விஷயம் வேலை தொடர்பானது. காவல்துறை விவகாரம் அன்று. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவு போதைப்பொருளை உட்கொள்வதையே குற்றமாக்கி, 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ விதிக்கிறது. கைதானவரிடம் சிறுநீர் பெற 31ஏ பிரிவு இருக்கிறது. பேனல் கிளினிக் பட்டையை அந்த நடைமுறையோடு போட்டுக் குழப்பி அக்காளைப் பயமுறுத்தாதீர்கள்.

பட்டர்வொர்த் மருந்தாளர் எழுதியது:

அண்ணா, இருமல் மருந்துப் பாட்டிலின் லேபிளைப் படித்துச் சொல்லுங்கள். ஓபியேட் வகையைச் சேர்ந்த கோடீன் இருந்தால் ஓபியேட் கட்டத்தில் கோடு மறைவதில் வியப்பே இல்லை. உடல் கோடீனில் ஒரு பகுதியை மார்ஃபினாகவே மாற்றுகிறது. இன்னொன்றையும் கேட்கிறேன்: அந்த நாட்களில் கசகசா அரைத்துவிட்ட குருமா சாப்பிட்டானா? கசகசாவில் மார்ஃபின் ஒட்டியிருப்பது உண்மை. அதனாலேயே அமெரிக்காவில் 1998இல் அரசுப் பணியாளர் சோதனைக்கான ஓபியேட் வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தினார்கள். உறுதிச் சோதனையில் ஹெராயினின் சிதைபொருளான 6-அசிட்டைல்மார்ஃபின் அகப்பட்டால் அது ஹெராயினைக் காட்டும். கோடீனோ கசகசாவோ அதைத் தராது.

நம் வடக்குப் பகுதியில் பரவலான ஒன்று கெத்தும், அதாவது இலையைக் காய்ச்சிக் குடிக்கும் கிராத்தோம் செடி. அதிலுள்ள மிட்ராகைனின் அமைப்பு வேறானதால் சாதாரண ஓபியேட் பட்டையில் சிக்குவதில்லை. தனியாகத் தேடினால்தான் தெரியும். பட்டையில் கோடு மறைந்ததற்குக் கெத்தும் தண்ணீரைக் காரணம் காட்டுபவர்களை நம்ப வேண்டாம்.

பாயான்பாரு வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பாட்டிலில் கோடீன் என்றே அச்சிட்டிருக்கிறது. கிளினிக்கில் தொலைபேசியில் கேட்டதற்கு, அன்றைய சிறுநீரை அன்றே கொட்டிவிட்டதாகச் சொல்கிறார்கள். புதிதாக மாதிரி கொடுக்கச் சொல்லலாமா?

ஓய்வுபெற்ற ஆய்வகர், கோலாலம்பூர் எழுதியது:

கொடுக்கலாம், ஆனால் கோடீன் இரண்டு மூன்று நாட்களில் கழிந்துவிடும் என்பதால், புதிய மாதிரி சுத்தமாக வந்தாலும் பழைய முடிவுக்கு அது மறுப்பாகாது. மருந்து எழுதிய கிளினிக்கிலிருந்து பெயர், அளவு, தேதி மூன்றும் குறித்த கடிதத்தை வாங்கி, அதன் நகலோடு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு எழுத்துமூலம் அனுப்பச் சொல்லுங்கள். உறுதிச் சோதனை செய்யாமலேயே மாதிரி கொட்டப்பட்டது என்பதையும் அதில் குறிப்பிடட்டும். மறுமுறை சிறுநீர் எடுத்தால், இரண்டு பாட்டில்களில் பிரித்து, அவன் முன்னிலையில் முத்திரையிட்டு, அவன் கையெழுத்தும் வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.